வண்டிக்குள் வரும் மின்வடமும் உருகியின் இடமும்

கோயில் திருவிழாவை அறிவிக்கவும் பொதுக்கூட்டத்திற்கு மக்களை அழைக்கவும் ஒலிபெருக்கி பூட்டிய வேன் ஊரைச் சுற்றி வருவது பழகிய காட்சியாகும். தம் சொந்தக் காரில் பாட்டு நன்றாய் ஒலிக்க வேண்டுமென்று ஆம்பிளிபயர் பூட்டிக்கொள்ளும் இளைஞரும் உளர். இவ்விருவகை வண்டிகளிலும் ஒரே வேலை நடைபெற்றிருக்கும். பாட்டரி பெரும்பாலும் வண்டியின் முன்புறத்தில், எஞ்சின் அறையில் இருக்கிறது. ஒலியின் வலிமையைக் கூட்டும் ஆம்பிளிபயரோ ஆசனத்தின் அடியிலோ பின்புறப் பெட்டியிலோ அமர்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பருத்த மின்வடம், எஞ்சின் அறைக்கும் மனிதர் அமரும் அறைக்கும் இடையேயுள்ள இரும்புத் தடுப்புச் சுவரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும்.

இவ்வேலையைச் செய்வோர் ஒலி எவ்வளவு கூடும் என்று பேசுவதுண்டு. வடம் எவ்வழியாய் வருகிறது, அதனைக் காப்பது எது என்று கேட்போர் குறைவு. சுவரைக் கடக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் நேரும் பிழை வண்டியையே எரித்துவிடக் கூடியது. அதனைத் தடுக்கும் முதன்மையான பொருள்கள் இரண்டு: ஒரு ரப்பர் வளையம், ஓர் உருகி. இரண்டும் பெருஞ்செலவு வைப்பவை அல்ல. அவை ஏன் வேண்டும், எங்கே வேண்டும் என்பதே ஈண்டு விளக்கப்படுகிறது.

பன்னிரண்டு வோல்ட்டின் இரு முகம்

கார் பாட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கைகளால் தொட்டால் அதிர்ச்சி தோன்றுவதில்லை. இதனால், "பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை, மறுபாதி பேராபத்து.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டத்தின் அளவு கிடைக்கும். இவ்விதியை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். இன்றைய ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராய்க் கணிதமும் இயற்பியலும் கற்பித்து, அப்பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே தம் சோதனைகளைச் செய்தவர் அவர். நூல் வெளிவந்த காலத்தில் அதற்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1841-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. மின்தடையின் அளவைக்கு இன்றும் அவ்வாசிரியரின் பெயரே வழங்குகிறது.

உலர்ந்த உடலின் மின்தடை சில ஆயிரம் ஓம்களுக்குக் குறையாது. அதனை 6000 ஓம் என்று கொண்டால், 12 வோல்ட் அழுத்தத்தில் உடலில் ஓடக்கூடியது 0.002 ஆம்பியர் மட்டுமே. ஆகவே அதிர்ச்சி இல்லை. ஆனால் செம்பின் நிலை வேறு. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0172 ஓம். பருமன் கூடக்கூட இதுவும் குறையும். வகுக்கும் எண் இவ்வளவு சிறியதாகுமானால் ஈவு எவ்வளவு பெரியதாகும் என்பதைக் கணக்கு வகுப்பு மாணவனும் அறிவான். மனிதனைத் தீண்டாத அதே பன்னிரண்டு வோல்ட், செம்பின் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஓட்டவல்லது.

வடம் பருத்திருப்பதன் காரணம்

500 வாட் ஆற்றலை உட்கொள்ளும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏறத்தாழ 2 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். அதே ஆற்றலை 12 வோல்ட்டில் பெற வேண்டுமாயின் 42 ஆம்பியர் தேவை. அழுத்தம் குறைந்த அளவுக்கு ஓட்டம் பெருக வேண்டியிருக்கிறது. வீட்டில் மெல்லிய கம்பி செய்யும் வேலைக்கு வண்டியில் விரற்பருமன் வடம் வேண்டியிருப்பது இதனாலேயே.

கம்பியில் பிறக்கும் வெப்பத்திற்கும் ஒரு கணக்குண்டு. மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்த தொகையை மின்தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு வாட் கணக்கில் கிடைக்கும். இதனைச் சோதித்து 1841-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தில் மதுபான ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும் என்பதே இவ்விதியின் சாரம்.

வீட்டில் மின்செருகிகளுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி கையில் இருக்கிறதென்று, அதனையே 5 மீட்டர் நீளத்திற்கு வண்டியில் ஓட்டிவிட்டால் என்ன நேரும்? அதன் தடை 0.0344 ஓம். 42 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தேய்ந்துபோகும்; 60 வாட் வெப்பம் கம்பியிலே பிறக்கும். பழைய 60 வாட் மின்விளக்கு ஒன்று எரியும் வெப்பத்தைத் தரைவிரிப்பின் அடியில் நீளமாய்ப் பரப்பி மூடிவைத்ததற்கு இது ஒப்பாகும். 16 சதுர மில்லிமீட்டர் வடத்தைப் பயன்படுத்தினால் அழுத்த இழப்பு 0.23 வோல்ட்டாகவும், வெப்பம் ஏறத்தாழ 9 வாட்டாகவும் குறைந்துவிடும். வடத்தின் பருமனைத் தேர்வதில் சிக்கனம் பார்ப்பது ஒலியையும் கெடுக்கும், வண்டியையும் கெடுக்கும்.

சுவரில் காத்திருக்கும் கத்தி

மோட்டார் வண்டியில் பாட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே வண்டியின் உடல் முழுவதும் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாகிறது. நேர்முனையிலிருந்து வரும் வடத்தின் செம்பு இவ்வுடலில் எங்குத் தொட்டாலும், அங்கேயே சுற்று முடிந்துவிடும். இதுவே குறுக்குச்சுற்று எனப்படுவது.

தடுப்புச் சுவர் மெல்லிய எஃகுத் தகடு. அதில் துளையிட்டால் துளையின் விளிம்பு கத்திபோல் கூர்மையாய் நிற்கும். வடத்தின் மேலுறையோ மென்மையான பிளாஸ்டிக்கு. எஞ்சின் ஓடும்போதெல்லாம் சுவர் அதிர்கிறது. கல்லும் குழியுமான தோட்டச் சாலையில் அவ்வதிர்ச்சி மிகுதியாகிறது. நாள்தோறும் ஓராயிரம் முறை விளிம்பு உறையை உரசுகிறது. வேலை முடிந்த அன்று யாதொரு குறையும் தெரியாது. சில மாதங்கள் சென்றபின் ஒருநாள் உறை அறுபட்டுச் செம்பு இரும்பைத் தொடும். அப்பொழுது வண்டிக்குள் யார் இருப்பார், அது எங்கே நின்றிருக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தொட்டவுடன் நேர்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாட்டரியின் உள்தடை 0.01 ஓம் என்றும், சுவர்வரை வரும் ஒரு மீட்டர் வடத்தின் தடை 0.001 ஓம் என்றும், தொடும் இடத்தின் தடை 0.009 ஓம் என்றும் கொண்டால் மொத்தம் 0.02 ஓம். 12-ஐ 0.02-ஆல் வகுக்க 600 ஆம்பியர் வருகிறது. முன்பு 42 ஆம்பியரில் 2 வாட்டுக்கும் குறைவாய்ச் சூடேறிய அந்த ஒரு மீட்டர் வடம், இப்பொழுது ஏறத்தாழ 360 வாட் வெப்பத்தை உமிழும். தொடும் இடத்தில் பிறப்பதோ 3000 வாட்டுக்கும் மேல். அங்குத் தீப்பொறி பறக்கும்; உறை உருகிப் புகையும்; அருகிலுள்ள மற்றக் கம்பிகளின் உறையும் பற்றும்.

இவ்விடத்தில் முதற்காவலாய் நிற்பது ரப்பர் வளையம். கடைகளில் குரோமெட் என்பர். அதன் வெளிப்புறத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் உண்டு. தகட்டின் விளிம்பு அப்பள்ளத்தில் பொருந்தி மறைந்துவிடும். வடம் வளையத்தின் நடுவே, இரும்பைக் காணாமலேயே கடந்து செல்லும்.

உருகி யாருக்குக் காவல்?

பியூஸ் என்று வழங்கும் உருகி, அளவுக்கு மீறிய ஓட்டம் வந்தால் தான் உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும் உலோகத் துண்டு. உருகு என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்து பிறந்த பெயர் இது. கடத்து என்பதிலிருந்து கடத்தி பிறந்தது போல. உருகி என்பதே வினையெச்சமாகவும் நிற்கும். பெயராய் நிற்பது எச்சமாய் மாறும் அக்கணத்தில்தான் அப்பொருள் தன் கடமையைச் செய்கிறது என்று மாணவர்க்குச் சொன்னால், இலக்கணமும் இயற்பியலும் ஒருங்கே மனத்தில் பதியும்.

உருகி எதனைக் காக்கிறது? ஆம்பிளிபயரைக் காக்கிறது என்பதே பலரின் விடை. ஆம்பிளிபயரின் உடலிலும் உருகி பொருத்தப்பட்டிருப்பதால் இவ்வெண்ணம் எழுகிறது. அந்த உருகி அக்கருவிக்கு உரியது. பாட்டரியிலிருந்து கிளம்பும் நீண்ட வடத்தைக் காப்பதற்குத் தனியே வேறோர் உருகி வேண்டும்.

அதன் இடத்தைப் பொறுத்தே பயன் அமைகிறது. மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டு வடத்தின் வழியே வருகிறது. சுவரில் வடம் இரும்பைத் தொட்டால், ஓட்டம் அவ்விடத்திலேயே திரும்பிப் பாட்டரிக்குச் சென்றுவிடும். பின்புறம்வரை வரவே வராது. உருகி பின்புறத்தில் இருக்குமாயின் அதன் வழியே அந்த 600 ஆம்பியர் செல்வதில்லை. முன்னே வடம் எரிந்துகொண்டிருக்க, பின்னே உருகி குறையின்றி முழுமையாய் இருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையே அது. பாட்டரியின் அருகிலேயே உருகி இருந்தால், வடம் எந்த இடத்தில் தொட்டாலும் ஓட்டம் உருகியைக் கடந்துதான் ஆகவேண்டும். நொடிப்பொழுதில் அது அறுந்துவிடும். ஆகவே நேர்முனையிலிருந்து 18 அங்குலத்திற்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள், சுவரைக் கடப்பதற்கு முன்னரே உருகி இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் நெடுநாளாய் வழங்கும் விதி. பாட்டரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட சிறு துண்டுக்குக் காவல் இல்லையாதலால், அத்துண்டு எவ்வளவு குறுகியதாயின் அவ்வளவு நன்று.

உருகியின் அளவைத் தேர்வதற்கும் நெறியுண்டு. கருவி இயல்பாய் இழுக்கும் ஓட்டத்தைவிட அது கூடுதலாய் இருத்தல் வேண்டும். வடம் தாங்கும் அளவைவிடக் குறைந்திருத்தல் வேண்டும். மேற்சொன்ன 42 ஆம்பியர் கருவிக்கும் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வடத்திற்கும் 60 ஆம்பியர் உருகி பொருந்தும். உருகி அடிக்கடி அறுகிறதென்று 200 ஆம்பியர் உருகியை மாட்டுவதும், உருகியின் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பதும் காவற்காரனைக் கட்டிப்போடுவதற்குச் சமமாகும். அறுந்த உருகி ஒரு செய்தி. அதன் காரணத்தைத் தேடுவதே முறை.

வளையம் இருந்தால் உருகி எதற்கு, உருகி இருந்தால் வளையம் எதற்கு என்று கேட்பாருமுண்டு. அதிர்வினால் செம்பு இரும்பை விட்டு விட்டுத் தொடும்போது ஓட்டம் உருகியின் அளவை எட்டாமல் போகலாம். உருகி அறாது, பொறி மட்டும் பறந்துகொண்டிருக்கும். அந்நிலையைத் தடுப்பது வளையமே. வளையம் நழுவி முழுத் தொடுப்பு நேருமாயின் தடுப்பது உருகியே. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

வழி தேடும் முறை

வேலை தொடங்குமுன் மோதிரம், கைக்காப்பு, உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பிறகு பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்ற முனைந்தால், கையிலுள்ள திருகுசாவி வண்டியின் உடலில் பட்டுக் குறுக்குச்சுற்றாகிவிடக்கூடும். விபத்தில் விரியும் காற்றுப்பைகள் உள்ள வண்டியில் பாட்டரியைக் கழற்றியபின், வண்டியின் கையேடு கூறும் அளவுக்குச் சில நிமிடம் பொறுத்தல் நலம்.

அடுத்து, புதிதாய்த் துளையிடாமல் செல்ல வழியுண்டா என்று பார்க்க வேண்டும். வண்டியின் சொந்தக் கம்பிக்கற்றை சுவரைக் கடக்கும் இடத்தில் பெரிய ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும். பல வண்டிகளில் அதன் ஓரமாய் மற்றொரு வடத்துக்கு இடமிருக்கும். தானாய்க் கியர் மாறும் வண்டிகள் சிலவற்றில், கிளட்ச்சுக்கென்று விடப்பட்ட துளை ரப்பராலோ தகட்டாலோ மூடப்பட்டிருப்பதும் உண்டு. அடைப்பில் சிறு கீறல் இட்டு, முனை மழுங்கிய பிளாஸ்டிக் கோல் ஒன்றைச் செலுத்தி, அதன் நுனியில் வடத்தைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். சோப்பு நீர் தடவினால் வடம் எளிதில் வழுக்கி வரும். கூரிய கம்பியால் குத்துவது கூடாது. பழைய கற்றையின் உறை கிழியும்.

வேறு வழியே இல்லையெனில் துளையிடலாம். அதற்குமுன் சுவரின் இரு புறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் நன்கு ஆராய வேண்டும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், குளிர்சாதனக் குழாய், கம்பிக்கற்றை, ஸ்டியரிங் தண்டு இவற்றுள் ஒன்று துளைக்கருவியின் முனைக்கு நேரே மறைந்திருக்கலாம். துளை வளையத்தின் அளவுக்குச் சரியாய் இருக்க வேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கி, துருப்பிடியாமல் வர்ணம் பூசி, அது காய்ந்தபின் வளையத்தைப் பொருத்த வேண்டும். வடம் நுழைந்தபின் எஞ்சும் இடைவெளியைச் சிலிக்கோன் பசையால் அடைத்துவிட வேண்டும். மழைநீரும் எஞ்சின் அறையின் நச்சுப்புகையும் உள்ளே வராமல் இருப்பதற்கு இது இன்றியமையாதது.

எஞ்சின் அறையில் வடத்தை நெளிவுக் குழாயினுள் செலுத்தி, சூடேறும் புகைபோக்கிக்கும் சுழலும் பட்டைக்கும் விலக்கி, ஒரு சாணுக்கு ஒரு கட்டாகக் கட்டிவைக்க வேண்டும். துளைக்கு வருமுன் வடம் சற்றுத் தாழ்ந்து வளைந்து மேலேறுமாறு விட்டால், அதன்மேல் வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். துளையிட அஞ்சிக் கதவின் இடுக்கு வழியே வடத்தைக் கொண்டுவருவோர் உளர். ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் வடம் நசுங்குமாதலால் அது துளையினும் கொடிது.

உள்ளே வந்த வடத்தைக் கால்மிதிகளுக்கும் ஆசனத்தின் தண்டவாளத்திற்கும் தொலைவாய், கதவோரப் பலகையின் அடியில் செலுத்துதல் நன்று. காற்றுப்பை, ஆசனப்பட்டை இவற்றின் கம்பிகள் பல வண்டிகளில் மஞ்சள் நிற இணைப்புகளைக் கொண்டிருக்கும்; அவற்றைத் தொடலாகாது. பாட்டின் ஒலிக்குறியைக் கொண்டுவரும் மெல்லிய கம்பியை வண்டியின் மறுபக்கமாய்க் கொண்டுவந்தால் இரைச்சல் கலவாது. ஆம்பிளிபயரிலிருந்து வண்டியுடலுக்குச் செல்லும் எதிர்முனைக் கம்பி, நேர்முனை வடத்தின் பருமனுக்குக் குறையாமலும் நீளத்தில் குறுகியும், வர்ணம் சுரண்டிய இரும்பில் இறுகப் பூட்டப்பட்டும் இருக்க வேண்டும்.

மின்சாரக் கார்களிலும் கலப்பின வண்டிகளிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் வடங்கள் உயிரைப் பறிக்கும் உயரழுத்தம் உடையவை. அவ்வண்டிகளில் இவ்வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

ஆம்பிளிபயரில் வடத்தைப் பூட்டுமுன், வடத்தின் செம்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மீட்டர் வைத்துத் தொடர்பில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதன்பின் எல்லாவற்றையும் பூட்டி, பாட்டரியின் எதிர்முனையை மாட்டி, உருகியை இறுதியில் செருக வேண்டும். ஒருமணி நேரம் பாட்டு ஒலித்தபின் வடத்தையும் உருகிக் கூட்டையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஓரிடம் மட்டும் சுட்டால் அங்குத் திருகு தளர்ந்திருக்கிறதென்று பொருள். ஒரு மாதம் கழித்து வளையம் நழுவாமல் இருக்கிறதா என்றும் காண வேண்டும்.

வகுப்பில் காட்டத்தக்க சோதனை

இதனை மாணவர்க்கு விளக்கக் கார் பாட்டரியைத் தேடவேண்டியதில்லை. அதைப் பயன்படுத்தவும் கூடாது. ஒன்றரை வோல்ட் கைவிளக்குப் பாட்டரி இரண்டும், ஒரு சிறு மின்விளக்கும், பாத்திரம் துலக்கும் எஃகு நாரின் ஓர் இழையும், சிறிது கம்பியும் போதும். ஆசிரியர் தாமே ஒரு பீங்கான் தட்டின்மேல், காகிதமும் துணியும் அருகில் இன்றி, இதனைச் செய்து காட்டலாம். பாட்டரி, எஃகு இழை, விளக்கு என்னும் வரிசையில் இணைத்தால் விளக்கு எரியும். பிறகு இழைக்கும் விளக்குக்கும் இடையில், எதிர்முனையோடு சேரும்படி ஒரு கம்பியைத் தொடவிட்டால் இழை சிவந்து அறும், கம்பி பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை புதிய இழையை விளக்குக்கு அப்பால், அதாவது சுற்றின் கடைசியில் இணைத்து, பாட்டரிக்கும் விளக்குக்கும் இடையிலேயே கம்பியை ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். விளக்கு அணையும், இழை அறாது. நீட்டித்துத் தொட்டிருந்தால் பாட்டரியும் கம்பியும் சூடேறும். ஓடும் ஆற்றின் மடை தலைப்பில் இருக்க வேண்டுமா, கடைக்கோடியில் இருக்க வேண்டுமா என்று அப்பொழுது கேட்டால், வயலையே காணாத பிள்ளையும் சரியான விடை கூறுவான்.

அவன் நாளை ஒரு வண்டி வாங்கி, அதில் ஆம்பிளிபயர் பூட்டக் கடைக்குச் செல்வான். எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன், "உருகியை எங்கே வைப்பீர்கள்? சுவரைக் கடக்கும் இடத்தில் வளையம் உண்டா?" என்று அவன் கேட்பானாயின், வகுப்பில் செலவிட்ட அரைமணி நேரம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.